ஆவிற்கு இரை, நமக்கு அறம்
(கறவை மாட்டின் இனமும் தீவனமும் பற்றி ஒரு பாடம்)



சென்ற கோடை விடுமுறையில் ஆவடியிலுள்ள நம் இல்லத்திற்குப் பேத்தி வந்திருந்தாள். ஒரு நாள் காலை, அடுப்பில் பால் பொங்கி வரும் வேளையில் அருகில் நின்றவள், "பாட்டி, ஒரு பசு ஒரு நாளைக்கு எவ்வளவு பால் கறக்கும்? அதிலே கன்றுக்குட்டிக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று வினவினாள். ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் நமக்குக் கற்பித்த முதல் விதி, குழந்தையின் வினாவுக்கு அரைகுறை விடை கூறலாகாது என்பது. "நாளைக்குச் சொல்கிறேன் கண்ணே" என்று தவணை கேட்டோம். அந்த நாளைய விடையே இக்கட்டுரையாக விரிந்தது.

நம் மக்களிற் பலர் வந்தவாசி, செஞ்சி, ஆரணி, திண்டிவனம் வட்டங்களிலுள்ள சிற்றூர்களில் ஏரும் மாடுமாக வாழ்ந்த குடிகளின் வழிவந்தோர். வேலையின் பொருட்டு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் குடியேறிய பின் பசுவை மறந்தோம், பாலை மறக்கவில்லை. ஊரில் இன்றும் அண்ணன் தம்பியர் வீடுகளில் மாடு உண்டு. கடன் வாங்கி விலையுயர்ந்த கலப்பினப் பசுவைப் பிடித்து, ஓராண்டில் நட்டப்பட்டு, "இனம் சரியில்லை" என்று விற்றுவிடுவோரும் அவர்களுள் உண்டு. ஆகவே பால் வாங்குவோர்க்கும் மாடு வளர்ப்போர்க்கும் பொதுவாக இப்பாடத்தை அமைக்கின்றோம்.

1. நம் சுற்றுவட்டாரமும் பாலும்

அம்பத்தூரில் உள்ள பால்பண்ணையை அறியாதார் நம் பகுதியில் இலர். மாதவரம், சோழிங்கநல்லூர் பண்ணைகளோடு சேர்ந்து சென்னை மாநகருக்குப் பாலைப் பதப்படுத்தி வழங்குவது அது. 1970-இல் தொடங்கி 1996 வரை நடைபெற்ற வெண்மைப் புரட்சித் திட்டத்தில் சென்னையும் நான்கு பெருநகரங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் 1981-இல் அமைந்தது. அதன் வணிகப் பெயராகிய 'ஆவின்' என்பது நல்ல தமிழ். 'ஆ' என்றால் பசு. ஆ+இன் என்பது வகர உடம்படுமெய் பெற்று 'ஆவின்' ஆயிற்று. 'பசுவினுடைய' என்பது பொருள். உறையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பசுவினுடைய பொருளை எடுக்கின்றோம் என்று அப்பெயரே நினைவூட்டுகிறது.

ஆவடிக்கு வடக்கே, செங்குன்றத்திலிருந்து திருவள்ளூர் செல்லும் சாலையில் அலமாதி என்னும் ஊர் உள்ளது. அங்கு நடுவண் அரசு இரு நிலையங்களை நிறுவியது. ஒன்று, முர்ரா எருமை இனத்தைப் பேணிப் பெருக்கும் கால்நடைப் பண்ணை. மற்றொன்று, தீவனப் பயிர் விதைகளை உற்பத்தி செய்து செயல்விளக்கம் காட்டும் மண்டல நிலையம். ஓர் ஊரில் இனத்திற்கு ஒரு நிலையம், இரைக்கு ஒரு நிலையம்! நம் பாடத்தின் இரு தலைப்புகளும் இவையே. இனம் என்பது பசு எவ்வளவு கறக்கக்கூடும் என்னும் எல்லையை வகுக்கிறது. அவ்வெல்லைக்குள் அது உண்மையில் எவ்வளவு கறக்கும் என்பதை இரையும் பராமரிப்பும் முடிவு செய்கின்றன.

2. இனம்: பிறப்பால் வருவது

உலகிலுள்ள மாடுகளை இரு பெரும் பிரிவாகப் பிரிக்கலாம். திமிலும், தொங்கும் அலைதாடியும், தளர்ந்த தோலும் உடையவை வெப்ப நாட்டு மாடுகள். நம் நாட்டு மாடுகள் இவ்வகையின. திமில் இல்லாதவை ஐரோப்பியக் குளிர்நாட்டு மாடுகள். ஜெர்சி, ஹால்ஸ்டீன் பிரீசியன் முதலியன இவ்வகையின.

தமிழ்நாட்டின் புகழ்பெற்ற இனங்கள் காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி என்பன. இவை யாவும் உழவுக்கும் வண்டிக்கும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. காங்கேயம் பசு ஓர் ஈற்றில் ஏறத்தாழ 500 முதல் 600 லிட்டர் பாலே கறக்கும். இதைக் குறை எனக் கூறுதல் தகாது. காவிரிக் கடைமடையின் சேற்று வயலில் உழைப்பதற்கு உருவானது உம்பளாச்சேரி. கொங்கு நாட்டின் வறண்ட 'கொரங்காடு' மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல் காயையும் தின்று வளர உருவானது காங்கேயம். அங்கே நிலமும் புல்லும் மாடும் ஒன்றையொன்று உருவாக்கின. கணிதம் பயின்றவனை இசைத் தேர்வுக்கு அனுப்பிவிட்டுத் தோற்றான் என்று கூறுவது எத்துணைப் பிழையோ, அத்துணைப் பிழை உழவு மாட்டைப் பாலளவால் இகழ்வது.

பாலுக்கென்றே பேணப்பட்ட நாட்டினங்களும் பாரதத்தில் உண்டு. குஜராத்தின் கிர், பஞ்சாபின் சாகிவால், சிந்து பகுதியின் சிவப்பு சிந்தி, இராஜஸ்தானத்தின் தார்பார்க்கர் ஆகியவை அவை. நல்ல பராமரிப்பில் கிர், சாகிவால் பசுக்கள் ஓர் ஈற்றில் 2000 லிட்டர் அளவுக்குக் கறப்பதுண்டு. குளிர்நாட்டில் ஹால்ஸ்டீன் பசு 8000 லிட்டருக்கு மேலும் கறக்கும். இவ்வெண்ணைக் கண்டு மயங்கித்தான் பலர் ஏமாறுகின்றனர். அந்தப் பசுவை நம் ஆவடி வெயிலில் நிறுத்தினால் அந்தப் பாலை எதிர்பார்க்க இயலாது. ஐரோப்பியப் பசுவுக்கு இதமான வெப்பநிலை ஏறத்தாழ 5 முதல் 25 பாகை செல்சியசு. நம் கத்திரி வெயிலோ 40 பாகையைத் தொடுகிறது.

ஆகவே இரண்டையும் இணைக்கும் கலப்பின முறை வந்தது. நாட்டுப் பசுவின் தாங்கும் ஆற்றலும் அயலினத்தின் சுரக்கும் ஆற்றலும் ஒன்று சேர்தல் அதன் நோக்கம். சமவெளிக்கு உடல் சிறுத்த ஜெர்சியும், நீலகிரி போன்ற மலைப்பகுதிகளுக்கு ஹால்ஸ்டீனும், காங்கேயம், உம்பளாச்சேரி வாழும் பகுதிகளில் அவ்வினங்களையே தூய்மையாகக் காத்தலும் என்பது தமிழ்நாட்டில் பின்பற்றப்பட்ட நெறி. 2019-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் இருந்த மாடுகள் ஏறத்தாழ 95 இலட்சம். அவற்றுள் பெரும்பாலானவை கலப்பினமே. அவை நாளொன்றுக்குச் சராசரியாக 6 முதல் 8 லிட்டர் வரை கறக்கின்றன.

இங்கே ஒரு சிறு கணக்கு. நாட்டுப் பசுவும் தூய ஜெர்சிக் காளையும் கலந்தால் பிறப்பது அரை (1/2) ஜெர்சி. அந்த அரை ஜெர்சிக்கு மீண்டும் தூய ஜெர்சி விந்தையே செலுத்தினால் பிறப்பது முக்கால் (3/4). அதற்கும் அவ்வாறே செய்தால் ஏழு அரைக்கால் வீதம், அஃதாவது 7/8. அயலினக் கூறு ஏற ஏறப் பாலும் ஏறிக்கொண்டே போகும் என்று எண்ணுதல் தவறு. வெப்பம் தாங்கும் ஆற்றலும் உண்ணி முதலியவற்றை எதிர்க்கும் ஆற்றலும் குறைந்துகொண்டே போகும். சமவெளிக்கு அரை முதல் 5/8 வரை, அஃதாவது 50 முதல் 62.5 விழுக்காடு வரை, ஏற்றது என்பர் அறிஞர். அரைப் பசுவுக்கு முக்கால் காளையைக் கலந்தால் கிடைப்பது இந்த 5/8. கடல் கடந்த பிரேசில் நாட்டில் நம் கிர் இனத்தோடு ஹால்ஸ்டீனைக் கலந்து உருவாக்கிய 'ஜிரோலாண்டோ' இனமும் 5/8 ஹால்ஸ்டீன், 3/8 கிர் என்ற அளவிலேயே நிலைநிறுத்தப்பட்டது. கேரளத்தின் மாட்டுப்பட்டியில் 1963-இல் தொடங்கிய இந்திய–சுவிட்சர்லாந்து கூட்டுத் திட்டத்தில் உருவான 'சுனந்தினி'யும் இவ்வாறு அளவறிந்து கலந்ததன் பயனே. செயற்கைக் கருவூட்டலுக்குப் பசுவை அழைத்துச் செல்வோர், "எந்த இனத்து விந்து, எத்தனை விழுக்காடு?" என்று கேட்டு ஒரு சுவடியில் குறித்து வைத்தல் வேண்டும்.

3. மடியில் பால் ஊறும் விதம்

இரையின் பெருமையை உணரப் பசுவின் வயிற்றை அறிய வேண்டும். பசுவின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. முதல் அறையாகிய அசையூண் பை நூறு லிட்டருக்கும் மேற்பட்ட கொள்ளளவுடைய ஒரு பெரிய தொட்டி. அதனுள் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலையும் புல்லையும் செரிப்பது பசுவின் வயிறன்று, அந்நுண்ணுயிர்களே. அவை நார்ப்பொருளைச் சிதைத்துச் சில அமிலங்களை ஆக்குகின்றன. அவற்றுள் அசெட்டிக் அமிலம் பாலின் கொழுப்புக்கு மூலம். புரோப்பியானிக் அமிலம் ஈரலில் குளுக்கோசாக மாறி, மடியில் பால் சர்க்கரையாகிறது. பால் சர்க்கரை எவ்வளவோ, அவ்வளவுக்கு நீரை அது மடிக்குள் ஈர்க்கும். ஆகவே பாலின் அளவை முடிவு செய்வது அதுவே.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். ஒன்று, நார்த்தீவனம் குறைந்தால் பாலில் கொழுப்புக் குறையும். கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்பையும் கொழுப்பற்ற திடச்சத்தையும் அளந்தே விலை தருகின்றனர். எனவே புல்லைக் குறைத்தவன் விலையையும் குறைத்துக்கொள்கிறான். இரண்டு, தானியமும் புண்ணாக்கும் ஓரளவு இல்லையேல் பாலின் அளவு ஏறாது. ஒரு லிட்டர் பால் உண்டாக ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் குருதி மடியின் வழியே ஓடியாக வேண்டும். பால் என்பது பசுவின் உடல் முழுவதும் உழைத்துத் தரும் பொருள்.

கன்று ஈன்ற ஆறு முதல் எட்டு வாரங்களில் பால் உச்சத்தை அடையும்; பின் படிப்படியாகக் குறையும். பத்து மாதம் கறந்து, அடுத்த ஈற்றுக்கு முன் 60 நாள் மடியை வற்றவிடுதல் முறை. அவ்விரண்டு மாதமும் கறப்பவன் அடுத்த ஈற்றின் பாலைத் திருடுகிறான் என்க.

4. இரை: நம் கையில் இருப்பது

ஒரே மந்தையிலுள்ள பசுக்களிடையே காணப்படும் பாலளவு வேறுபாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே மரபு வழி வருவது. எஞ்சிய பெரும்பங்கு தீவனம், நலம், பருவம், ஈற்று எண்ணிக்கை, பராமரிப்பு ஆகியவற்றைச் சார்ந்தது.

கறவைப் பசு தன் உடல் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவு உலர்பொருள் உண்ண வேண்டும். 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு நாளொன்றுக்கு 10 லிட்டர் கறப்பதாகக் கொள்வோம். அதற்கு வேண்டுவன:

பசுந்தீவனம் – 25 கிலோ
வைக்கோல் – 4 கிலோ
அடர்தீவனம் – 4 கிலோ
தாது உப்புக் கலவை – 50 கிராம்
தூய நீர் – 60 முதல் 80 லிட்டர்

அடர்தீவனக் கணக்கை மனத்தில் பதித்தல் எளிது. பசுவுக்கு ஒவ்வோர் இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. கொழுப்பு மிகுந்த பாலைத் தரும் எருமைக்கு இரண்டு லிட்டருக்கு ஒரு கிலோ. நல்ல பசும்புல் கிடைக்காத வீட்டில், உடலைப் பேணுவதற்கென மேலும் ஒன்று முதல் ஒன்றரை கிலோ சேர்த்தல் வேண்டும். வீட்டிலேயே கலக்க விரும்புவோர் 100 கிலோவுக்கு மக்காச்சோளம் அல்லது கம்பு 35, கடலை அல்லது எள்ளுப் புண்ணாக்கு 30, தவிடு 32, தாது உப்பு 2, சமையல் உப்பு 1 எனக் கலக்கலாம்.

பசுந்தீவனத்தில் புல்வகையும் பயறுவகையும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் இருத்தல் நன்று. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-4 கம்பு நேப்பியர் புல் ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 150 டன் அளவுக்கு விளைச்சல் தரக்கூடியது. நட்ட 75-ஆம் நாள் முதல் அறுவடை, பின் 45 நாளுக்கு ஒரு முறை. அதனோடு வேலிமசால், அகத்தி, தட்டைப்பயறு ஆகியவற்றைச் சேர்க்கலாம். இடமில்லாத புறநகர் வீட்டில் தொட்டியில் அசோலா வளர்த்து நாளுக்கு ஒன்றிரண்டு கிலோ கலந்து கொடுக்கலாம்.

வைக்கோல் வயிற்றை நிரப்பும், மடியை நிரப்பாது. அதில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே. மணற்சத்து மிகுதி. வெறும் வைக்கோலும் கழுநீரும் கொடுத்துவிட்டுப் பால் எங்கே என்று கேட்பது, மாணவனுக்குப் புத்தகம் தராமல் மதிப்பெண் கேட்பது போன்றதே.

நம் புறநகரில் இன்னும் ஒரு கேடு உண்டு. மாட்டைத் தெருவில் அவிழ்த்துவிட்டால் அது குப்பையோடு நெகிழிப் பையையும் விழுங்குகிறது. அசையூண் பையில் அது செரிக்காமலும் வெளியேறாமலும் கட்டியாகத் திரண்டு, பசுவைப் பட்டினியிலேயே மடியச் செய்கிறது. மீந்த உணவைப் பையோடு கட்டி எறிபவர் நாமே என்பதை மறத்தலாகாது.

5. வெப்பமும் ஒரு பகையே

பசு இரையைச் செரிக்கும்போது உடலுள் வெப்பம் உண்டாகிறது. வெளியிலும் வெப்பம் மிகுந்தால், உள்வெப்பத்தைக் குறைக்கவேண்டி அது தானாகவே இரையைக் குறைத்துக்கொள்கிறது; உடனே பால் குறைகிறது. மூச்சிரைப்பும் வாயில் நுரையும் அதன் அறிகுறிகள். கோடையில் விடியற்காலையும் பொழுது சாய்ந்த பின்பும் தீவனம் வைத்தல், நாள் முழுதும் நிழலில் குளிர்ந்த நீர் வைத்தல், தகரம் அல்லது கல்நார்க் கூரையின்மேல் தென்னங்கீற்றைப் பரப்புதல், நண்பகலில் உடலில் நீர் தெளித்தல் ஆகியன செலவில்லாத மருந்துகள். கருந்தோலும் குறைந்த வியர்வைச் சுரப்பிகளும் உடைய எருமைக்கு இது இன்னும் இன்றியமையாதது. ஆவடி, கொரட்டூர் ஏரிகளில் எருமைகள் மூழ்கிக் கிடந்த காட்சி பழையோர் நினைவில் இருக்கும். அது சோம்பல் அன்று; அவற்றின் மருந்து.

6. நாம் செய்த பிழை

இதுவரை கூறியவற்றை நாம் நூலில் மட்டும் கற்கவில்லை. 1980-ஆம் ஆண்டு ஐப்பசியில், ஆவடியில் நம் வீட்டுக் கொல்லையில் கட்ட ஒரு கலப்பின ஜெர்சிப் பசுவைப் பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வாங்கினோம். நிறத்தால் அதற்குச் 'செவலை' என்று பெயர். கூடவே பதினைந்து நாள் பெண்கன்று. பன்னிரண்டு லிட்டர் கறக்கும் என்றார் விற்றவர். முதல் மாதம் ஒன்பது கறந்தது. மூன்றாம் மாதத்தில் ஐந்தாயிற்று. "ஏமாற்றிவிட்டார்கள், இனம் சரியில்லை" என்று வீட்டில் பேசிக்கொண்டோம். நாம் கொடுத்த இரையோ வைக்கோல், கழுநீர், நாளுக்கு ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கு. ஒன்பது லிட்டர் பாலுக்கு மூன்று கிலோ அறுநூறு கிராம் அடர்தீவனமும், பசும்புல் இன்மையால் மேலும் ஒன்றரை கிலோவும் வேண்டும் என்னும் கணக்கு அன்று நமக்குத் தெரியாது. பற்றாக்குறையைச் செவலை தன் உடலிலிருந்து எடுத்துக் கொடுத்தது. விலா எலும்புகள் தெரிந்தபோதும் நாம் உணரவில்லை.

மாட்டுப் பொங்கல் வந்தது. அன்பு மிகுதியால் ஒரு பெரிய பானைச் சோற்றையும் வெல்லப் பொங்கலையும் செவலையின் முன் வைத்தோம். பசித்திருந்த பசு முழுவதையும் தின்றது. குழந்தைகள் கைதட்டினர். மறுநாள் அது அசை போடவில்லை. வயிறு உப்பியது; புளித்த நாற்றத்துடன் நீராகச் சாணம் போயிற்று; நடை தள்ளாடியது. மருத்துவர் வந்து சேர்வதற்குள் படுத்துவிட்டது. அவர் இயன்றதெல்லாம் செய்தும் மூன்றாம் நாள் விடியலில் உயிர் நீங்கியது.

காரணம் எளிது. மாவுப்பொருள் திடீரென்று மிகுதியாகச் சென்றால், அசையூண் பையில் லாக்டிக் அமிலத்தை ஆக்கும் நுண்ணுயிர்கள் மட்டும் பெருகி, அமிலம் ஏறி, நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிந்துவிடுகின்றன. அமிலம் குருதியிலும் கலக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்குப் பின்னும் தமிழ்நாட்டில் இவ்வாறு மாடுகள் நோயுறுவதைக் கால்நடை மருத்துவர்கள் எச்சரித்து வருகின்றனர். மாட்டுப் பொங்கலன்று பசுவுக்கு ஒரு கைப்பிடிப் பொங்கல் போதும். வயிறார அகத்தியும் புல்லும் கொடுங்கள். தவறி மிகுதியாகத் தின்றுவிட்டால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள். இப்பொழுது 1962 என்னும் கட்டணமில்லாத எண்ணில் கால்நடை அவசர ஊர்தி கிடைக்கிறது. அன்று அத்தகைய வசதி இல்லை. இருந்திருந்தாலும், நாம் காலத்தில் அழைத்திருப்போமா என்பது ஐயமே, நோய் என்றே உணரவில்லையாதலால்.

செய்தி கேட்டு ஊரிலிருந்து, நம் பிறந்தகத்தில் மாடு மேய்த்த முதியவர் வந்தார். பள்ளியில் ஒரு நாளும் படித்தறியாதவர். கன்றைத் தடவிக்கொண்டே, "டீச்சரம்மா, கொடுக்கற வாய்க்குத்தான் மடி சுரக்கும்ங்க. பசிக்கற அன்னிக்கிப் போடாம பண்டிகை அன்னிக்கிப் போட்டா அது என்னம்மா பண்ணும்?" என்றார். அவ்வளவே. நமக்கு அது ஓராண்டுப் பயிற்சிக்கு ஈடு.

அந்தக் கன்றைப் பால் வாங்கி ஊற்றி வளர்த்தோம். கொல்லையில் நான்கு பாத்தி நேப்பியர் புல், வேலியோரம் வேலிமசால், கிணற்றடியில் அகத்தி நட்டோம். கால்நடை மருத்துவர் எழுதித் தந்த அளவில் தீவனம் வைத்தோம். 1983-ஆம் ஆண்டு இறுதியில் அது கன்று ஈன்றது. உச்சத்தில் பத்து லிட்டர் கறந்தது. ஆறாம் மாதத்திலும் ஏழுக்குக் குறையவில்லை. தாயின் குருதியே மகளிடமும் ஓடியது. இனம் மாறவில்லை, இரைதான் மாறியது. செவலை நம்மை ஏமாற்றவில்லை. நாமே செவலையை ஏமாற்றினோம்.

7. அறநூல் கூறுவது

இல்லறத்தார்க்குரிய அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை, அஃதாவது வழுவுதல்களை, தத்துவார்த்த சூத்திரம் வகுத்துரைக்கிறது. பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம் என்பன அவை. சிறு வயதில் இவற்றை மனப்பாடமாக ஒப்பித்தோம். கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகு பாரம் ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல் என்று பொருளும் சொன்னோம். இவ்வைந்தும் வீட்டு விலங்குகளிடத்தில் எத்துணைப் பொருந்துகின்றன என்பதைச் செவலை மடிந்த பின்னரே உணர்ந்தோம்.

படுத்து எழ முடியாத அளவு குட்டைக் கயிற்றில் கட்டுதல் பந்தம். கறக்க நிற்காத பசுவை அடித்தல் வதம். "பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்" என்ற பழமொழியை நம் முன்னோர் வீணாகக் கூறவில்லை, அச்சமுற்ற பசு பாலை இறக்காது. போதிய இரையின்றிப் பத்து லிட்டரை எதிர்பார்த்தலும் ஒருவகை மிகுபாரமே. ஐந்தாவதாகிய அன்னபான நிரோதத்திற்கு விளக்கமே வேண்டா. நாம் எவரும் பசுவைப் பட்டினி போட வேண்டும் என்று எண்ணுவதில்லை. ஆனால் அறியாமையாலும் பட்டினி நேர்கிறது. கணக்கு அறியாத அன்பு இம்சையில் முடியும் என்பதற்கு நாமே சான்று.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நம் பகுதியில் வீட்டு வாசலில் கறந்து தரும் வழக்கம் இருந்தது. கன்றை இழந்த பசுவின் முன் அக்கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து நிறுத்துவர். பசு அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். அக்காட்சியைக் கண்டு ஒரு நாள் பாலை வாங்காமல் உள்ளே சென்றது நினைவிருக்கிறது. மறுநாள் வாங்கினோம் என்பதும் நினைவிருக்கிறது. ஆண்கன்றானால் பாலில் பங்கு தராமல் வாடவிடும் கொடுமையும் உண்டு. பால் சுரக்கவென்று ஊசி போடுதல் 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி குற்றம். பெண்கன்றே பெரும்பாலும் பிறக்கும் வண்ணம் பாலினம் பிரித்த உறைவிந்து இப்பொழுது வந்துள்ளது. வேண்டாக் கன்று பிறந்து வாடுவதை அது குறைக்குமாயின் நன்றே.

புழல் ஆதிநாதர் ஆலயத்திற்கு நம்மவர் பலர் சென்றிருப்பர். ஆதிநாதரின் இலாஞ்சனம் காளை. பீடத்தில் காளையைக் கண்டு கைகூப்பும் நாம், கொட்டிலிலும் அதைக் காண வேண்டும்.

8. பேத்திக்குச் சொன்ன விடை

மறுநாள் காலை பேத்தியை அருகில் அமர்த்தி இவ்வாறு கூறினோம். "நம் ஊர்க் கலப்பினப் பசு நாளுக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் கறக்கும். பிறந்த கன்று இருபது, இருபத்தைந்து கிலோ இருக்கும். அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அஃதாவது இரண்டு முதல் இரண்டரை லிட்டர், அதற்குக் கொடுக்க வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுத்தாக வேண்டும். கன்றின் பங்கு போக மீதியே மனிதனுக்கு."

அவள் சிறிது எண்ணிப் பார்த்து, "அப்படித்தான் எல்லோரும் செய்கிறார்களா பாட்டி?" என்றாள். இல்லை என்றோம். "அப்படியானால் நான் பால் குடிக்கலாமா, வேண்டாமா?" என்றாள். கல்லூரி செல்லும் வயதில் பாலை அறவே விடுத்த பிள்ளைகள் நம் சமூகத்திலும் இன்று உளர். அவர்தம் உறுதியை நாம் போற்றுகின்றோம். பருகுவோர்க்கோ ஒரு கடன் உண்டு: அந்தப் பால் எந்தக் கொட்டிலில், எந்த இரையில் ஊறியது என்று கேட்டறிதல். ஊரிலுள்ள உறவினர் மாடு வாங்கப் பணம் கேட்டால், மாட்டுக்கு மட்டும் அன்றிப் புல் நடவும் சேர்த்துக் கொடுங்கள். "முடிவை நீயே எடு; ஆனால் அறிந்து எடு" என்று பேத்தியிடம் கூறினோம். அவள் அன்று பாலைக் குடித்தாள். மாலையில் அலமாதிக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்டாள்.

நினைவில் நிறுத்த வேண்டியவை

1. இனம் எல்லையை வகுக்கும். இரை அவ்வெல்லைவரை கொண்டு செல்லும்.
2. சமவெளிக்கு அயலினக் கூறு 50 முதல் 62.5 விழுக்காடு போதும்.
3. இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ அடர்தீவனம். புல்லின்றேல் மேலும் ஒன்று முதல் ஒன்றரை கிலோ.
4. புதிய தீவனத்தைச் சிறிது சிறிதாகவே பழக்குக. பண்டிகைச் சோறு ஒரு கைப்பிடி மட்டும்.
5. ஈற்றுக்கு முன் 60 நாள் வற்றுக்காலம். கன்றுக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு பால்.

இளைஞர்க்குப் பயிற்சி வினாக்கள்

அ. நல்ல பசும்புல் உண்ணும் பசு எட்டு லிட்டர் கறந்தால் எவ்வளவு அடர்தீவனம் வேண்டும்?
ஆ. 5/8 ஜெர்சிப் பசுவுக்கு 1/2 ஜெர்சிக் காளையைக் கலந்தால் கன்றில் ஜெர்சிக் கூறு எவ்வளவு?
இ. நார்த்தீவனம் குறைந்தால் பாலின் கொழுப்பு குறைவது ஏன்?
ஈ. ஐந்து அதிசாரங்களுள் உங்கள் தெருவில் நீங்கள் கண்டது எது? அதை நீக்க நீங்கள் செய்யக்கூடியது என்ன?

முதல் மூன்றின் விடைகள் கட்டுரையிலேயே கிடைக்கும். நான்காவதன் விடையைச் செயலில் எழுதுங்கள்.

உயிர்க்குலம் வாழ்க! அறம் வளர்க!